நகரசபைச் சிப்பந்திகளின் நியமனச் சரித்திரம்

ஓர் ஊரின் நகரசபை எவ்வண்ணம் நடைபெறுகின்றது என்பதை அறிய விரும்புவோர், அதன் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுவதினும் அதன் சம்பளப் பட்டியலைப் புரட்டுவதே நலமென்பது நம் கருத்து. தீர்மானங்கள் கவுன்சிலர்களின் விருப்பத்தைக் கூறும். சம்பளப் பட்டியலோ, ஊரார் யாரை எந்த வேலைக்குத் தக்கவரென எண்ணினர் என்பதையும், யாரை அவ்வேலைக்கென்றே பிறந்தவரென எண்ணினர் என்பதையும் ஒளியாது கூறிவிடும். தம் மக்களுக்கு நகரசபையில் ஓர் உத்தியோகம் வாய்க்குமோ என்று நம் சமூகத்துப் பெற்றோர் வினவுவது இன்றும் நின்றபாடில்லை. ஆதலின் அவ்வுத்தியோகங்கள் வழங்கப்பட்டு வந்த வரலாற்றைச் சிறிது ஆராய்தல் இச்சஞ்சிகையின் நோக்கத்திற்குப் புறம்பாகாது.

சென்னை மாகாணத்தில் 1865-ஆம் ஆண்டு நகர அபிவிருத்திச் சட்டம் நிறைவேறிற்று. அதன் பயனாக 1866-இல் சேலம் முதலாகிய ஊர்களில் நகரசபைகள் தோன்றின. 1871-இல் பிறிதொரு சட்டமும், ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டு ஸ்தல சுயாட்சித் தீர்மானத்தை யடுத்து 1884-இல் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும் பிறந்தன. வீதி, விளக்கு, சாக்கடை, வைத்தியசாலை, அம்மை குத்தல், பள்ளிக்கூடம் ஆகிய இவை யாவும் நகரசபையின் தலையில் வந்து விழவே, அவற்றைச் செய்து முடிக்க ஆட்கள் வேண்டியவராயினர். குமாஸ்தாக்கள், வரி வசூல் செய்யும் பில் கலெக்டர்கள், ஓவர்ஸீயர், மேஸ்திரி, உபாத்தியாயர், அம்மை குத்துவோர், விளக்கேற்றுவோர், டவாலிச் சேவகர், வீதி கூட்டுவோர், மலம் எடுப்போர் என ஒரு சிற்றூரிலும் பல படிகளாக இக்கூட்டம் பெருகிற்று.

இவர்களை நியமித்த முறை யாது எனின், முறை என்று சொல்லத்தக்கது சொற்பமே. சேர்மன் என்பவர் பெரும்பாலும் ஊரிலுள்ள ஒரு வக்கீலோ, மிராசுதாரோ, வியாபாரியோ ஆவர். தம் சொந்தத் தொழிலுக்கிடையே மாலை வேளையில் ஆபீசிற்கு வந்து கையெழுத்திடுவர். கவுன்சிலர் ஒவ்வொருவருக்கும் ஓர் உறவினரோ, வாக்களித்த வட்டாரத்து ஒரு பிள்ளையோ இருந்தே தீரும். காலியிடம் ஒன்று ஏற்பட்டால் விண்ணப்பத்திற்கு முன்னே சிபாரிசு வந்து சேரும். எழுதப் படிக்கத் தெரிந்த வகுப்பார் ஆபீசினுள் அமர்ந்தனர். அவ்வமர்ந்தோர் தம் சுற்றத்தாரை அழைத்துக்கொண்டனர். இது ஒரு வகுப்பாரின் தனிக் குற்றமென்று நாம் கூறோம். வாய்ப்புக் கிட்டியபொழுது அதே காரியத்தைச் செய்யாத வகுப்பார் எவரென்று கேட்டால், விடை கூறுதல் நமக்கும் எளிதன்று.

இந்நிலையில் சேலத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் விரிவாக நோக்கத்தக்கது. 1901-ஆம் ஆண்டு ஜனக்கணக்குப்படி அந்நகரில் இருந்தோர் 70,621 பேர். அங்கு வக்கீல் தொழில் செய்துவந்த ஸ்ரீ சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1911-இல் நகரசபை அங்கத்தினராகி, 1917 முதல் 1919 வரை அதன் சேர்மனாக விளங்கினார். அவர் காலத்திலேயே அச்சபையில் ஆதி திராவிட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அங்கத்தினரானார். குழாய்த் தண்ணீர் என்பது அந்நாளில் புதிய வசதி. வீதிதோறும் குறித்த நேரத்தில் குழாயைத் திறந்து, குறித்த நேரத்தில் மூடுதற்கென ஒரு சிப்பந்தி உண்டு. நகரசபைப் பேச்சில் அவரை டர்ன்காக் என்பர். அவ்வேலைக்கு ஆதி திராவிடர் ஒருவரை அமர்த்தி, அக்கிரகாரத்து வீதியிலும் அவரே குழாய் திறக்குமாறு சேர்மன் உத்தரவிட்டார். அக்கிரகாரத்தார் ஆட்சேபித்தனர். சேர்மன் தம் உத்தரவை மாற்றவில்லை.

இதனை ஒரு தீண்டாமை விலக்குச் சம்பவமாக மட்டும் கூறிச் செல்வது வழக்கம். நாமோ இதனை ஒரு சிப்பந்தி நியமனமாகவும் காண விரும்புகிறோம். அங்கே எழுந்த கேள்வி கோயில் நுழைவைப் பற்றியதன்று. ஒரு வீட்டினுள் நுழைவதைப் பற்றியதுமன்று. சம்பளம் பெறும் ஓர் ஊழியன், தன் வேலையின் எல்லைக்குட்பட்ட வீதியில், தன் வேலையைச் செய்யலாமா என்பதே கேள்வி. வரி கொடுப்போர்க்குத் தண்ணீர் பெறும் உரிமை உண்டு. திறப்பவன் எக்குலத்தான் எனத் தெரிந்தெடுக்கும் உரிமை உண்டோ? உண்டென ஒரு முறை ஒப்புக்கொண்டால், பில் கலெக்டரையும், அம்மை குத்துவோரையும், உபாத்தியாயரையும் அவ்வாறே ஒவ்வொரு வீதியாரும் தெரிந்தெடுக்கத் தொடங்குவர். சபையிடம் சம்பளம் கொடுக்கும் கடமை மட்டுமே எஞ்சும். தண்ணீர் இரும்புக் குழாயினுள் ஓடி வருவது. திறப்பவர் கையோ வெளியிலுள்ள திருகின்மேல் இருப்பது. அங்ஙனமிருந்தும் ஆட்சேபம் எழுந்ததென்றால், அவர்களை உறுத்தியது தண்ணீரன்று, அம்மனிதருக்கு அவ்வீதியில் கிடைத்த அதிகாரமே என்று நாம் கொள்கிறோம். தங்கள் வீட்டுக் குடம் நிறைவதும் நிறையாததும் அவர் கைத்திருகலில் இருந்ததன்றோ!

ஆயினும் இதில் ஒரு குறையும் உண்டு. அவ்வுத்தரவைத் தாங்கி நின்றது சட்டமன்று, ஒரு மனிதரின் உறுதி. 1919-இல் ராஜகோபாலாச்சாரியார் சேலத்தை விட்டுச் சென்னைக்குச் சென்றுவிட்டார். அதே காலத்தில் ஈரோட்டு நகரசபைச் சேர்மனாயிருந்து காவேரித் தண்ணீரை ஊருக்குக் கொணர முயன்ற ஈ. வெ. ராமசாமி நாயக்கரும் 1919-இல் தம் பதவியைத் துறந்தார். நல்ல சேர்மன் போய் வேறொருவர் வந்தால் கடைநிலைச் சிப்பந்தியின் கதி யாது? பொதுப் பாதைகளும் கிணறுகளும் எல்லா வகுப்பார்க்கும் உரியன என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் சென்னைச் சட்டசபையில் கொணர்ந்ததே 1924-இல்தான். சேலத்துக் குழாய்க்காரர் அவ்வீதியில் நடந்தது அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னரென்பதை நினைவிற் கொள்க.

மேற்படியில் உள்ள உத்தியோகங்களைப் பற்றிய போராட்டம் நம் அன்பர்கள் பலரும் அறிந்ததாகலின் சுருங்கக் கூறுவோம். 1921-இல் வகுப்புவாரி உத்தரவு வெளிவந்தது, எஸ். முத்தையா முதலியார் மந்திரியாயிருந்த காலத்தில் அது செயலுக்கு வந்தது. அதன்படி அரசாங்க நியமனங்கள் பன்னிரண்டில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முகம்மதியர்க்கு 2, கிறிஸ்தவர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்குமாக 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என வகுக்கப்பட்டன. 1929-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னையில் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. நம் முன்னோர்கள் மகாநாடுகள் கூட்டி வேண்டியதெல்லாம் இந்தப் பங்கையே, வேண்டியது நியாயமே. ஆனால் பன்னிரண்டில் ஐந்து, இரண்டு, ஒன்று என்று எண்ணிய அவ்வெண்ணிக்கை குமாஸ்தாவின் மேசை மட்டில் நின்றுவிட்டது. துடைப்பமும் மலக்கூடையும் ஏந்தும் வேலைகளில் எவ்வகுப்பார்க்கு எத்துணைப் பங்கு என்று கேட்டவர் மிக அரியர். அங்கே பன்னிரண்டும் ஏறக்குறைய ஒரே பக்கத்தில் இருந்தன. அதைக் குறித்து மகாநாட்டுத் தீர்மானம் எதுவும் எழவில்லை.

எழாமற் போனதற்குச் சட்டமும் துணை நின்றது. ஐக்கிய மாகாணத்து 1916-ஆம் ஆண்டு நகரசபைச் சட்டத்தில், தகுந்த முன்னறிவிப்பின்றி வேலைக்கு வாராத தோட்டியைச் சிறையிலிடுவதற்கும் இடமிருந்தது. குமாஸ்தா வேலையை விட்டால் ஒரு மாதச் சம்பளத்தோடு போம். வீதி கூட்டுவோன் விட்டால் சிறை. நகரத்திற்கு எவர் இல்லாமல் ஒரு நாளும் ஆகாது என்பதை இவ்வொரு விதியினின்றே உய்த்துணரலாம். இன்றியமையாதவர் என்பதை நன்கறிந்தும், அதற்கேற்ற ஊதியம் கொடாது தண்டனையைக் கொடுத்த விநோதத்தை என்னென்பது!

இனி நிர்வாகத்தின் பக்கம் வருவோம். 1920-ஆம் ஆண்டு ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட சேர்மன் கையில் நிர்வாகத்தை விரிவாக ஒப்படைத்தது. ஜனநாயகம் வளர்ந்தது, அதனோடு சிபாரிசும் வளர்ந்தது. கவுன்சிலில் கட்சி மாறுந்தோறும் சிப்பந்திகள் அஞ்சி நடுங்கினர். வரி பாக்கியுள்ள கவுன்சிலர் வீட்டிற்கு நோட்டீஸ் கொண்டுபோகும் பில் கலெக்டரின் நிலையை எண்ணிப் பார்த்தால் விளங்கும்; வசூலித்தால் கவுன்சிலர் கோபம், வசூலியாவிடில் தணிக்கைக்காரரின் கோபம். 1933-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் நகரசபைகளுக்குக் கமிஷனர் என்னும் சம்பள உத்தியோகஸ்தரை அரசாங்கமே நியமிக்க வழிசெய்தது. மக்கள் பிரதிநிதியின் அதிகாரத்தைப் பறித்தனர் என்று அதனை எதிர்த்தோர் உண்டு. அவ்வெதிர்ப்பில் நியாயமும் உண்டு. எனினும், ஊரில் உறவும் பகையும் இல்லாத ஒருவர் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுவது ஏழைச் சிப்பந்திக்கு ஆறுதலே என்பது நம் துணிபு. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டமோ, சுகாதாரச் சிப்பந்திகளை வைத்திருக்கும்படி நகரசபைகளுக்கு அரசாங்கம் கட்டளையிட இடமளித்தது. இவ்வாறு நியமனக் கயிறு சிறிது சிறிதாக ஊராரின் கையினின்று நழுவித் தலைநகரின் கைக்குச் சென்றது.

சுதந்திரத்திற்குப் பின் நிகழ்ந்தன யாவரும் அறிவர். 1951-இல் சுப்ரீம் கோர்ட்டு வகுப்புவாரி உத்தரவைச் செல்லாதென்றது. அவ்வாண்டிலேயே அரசியல் சட்டம் திருத்தப்பெற்றது. மனிதர் கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டமும், அது போதாமையால் 2013-இல் இன்னொரு சட்டமும் வேண்டியிருந்தன. தோட்டி என்ற பெயர் துப்புரவுப் பணியாளர் ஆயிற்று. 2020-இல் தூய்மைப் பணியாளர் ஆயிற்று. 1920-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நூற்றாண்டிற்கு மேல் உயிரோடிருந்து, 1998-இல் இயற்றப்பெற்று நெடுங்காலம் உறங்கிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தபின்னரே ஓய்ந்தது.

இதனிடையே மற்றொரு மாறுதல் சந்தடியின்றி நடந்துவருகின்றது. குப்பை அள்ளும் வேலை பல ஊர்களில் ஒப்பந்தக்காரர் வசம் விடப்படுகின்றது. நிரந்தர நியமனமும், ஓய்வூதியமும், பதவி உயர்வும் பெற்ற தந்தையின் இடத்தில், அவை ஒன்றுமில்லாத தினக்கூலியாக மகன் நிற்கின்றான். 2025 ஆகஸ்டு மாதத்தில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்து போராடியது இதன் பொருட்டே. ஒப்பந்தக்காரரின் பட்டியலில் வகுப்புவாரிப் பங்கும் இல்லை, சர்வீஸ் கமிஷனும் இல்லை. எக்குலத்தார் துடைப்பம் ஏந்தினரோ அவரே ஏந்துகின்றனர். நம்மவர்க்கு இதனால் நட்டமென்ன என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். நம் பிள்ளைகள் நாடும் குமாஸ்தா, பில் கலெக்டர் இடங்களும் அதே பட்டியலுக்கு மாறுவதற்கு நெடுங்காலம் ஆகாது. கடைநிலையில் தொடங்கும் வழக்கமே மேலேறிவரும்.

தத்தம் ஊர் நகரசபையில் நிலைமை யாதென அறிய விரும்பும் அன்பர்கள், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலர்க்கு 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும் என்பது விதி. அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரந்தரமாக நிரப்பப்பட்டவை எத்தனை, காலியானவை எத்தனை, ஒப்பந்தத்தில் உள்ளோர் எத்தனை பேர், அவர்க்கு நாளொன்றுக்குக் கூலி என்ன என்ற ஐந்து வினாக்களையும் ஒரே தாளில் எழுதலாம். விடை பெற்றோர் அதன் நகலைச் சங்கத்திற்கு அனுப்பினால், ஊர்வாரியாக அடுத்துவரும் இதழ்களில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.