ஓசைக்கு வாடகை: பறையிலிருந்து சவுண்டு சர்வீஸ் வரை

புதுச்சேரியில் கருவடிக்குப்பம் என்றால் படித்தவர்களுக்குக் குயில் தோப்பு நினைவுக்கு வரும். 1908 முதல் 1918 வரை புதுவையில் இருந்த பாரதியின் குயில் பாட்டு அங்கேதான் பிறந்தது என்பார்கள். சித்தானந்த சுவாமி கோயிலையும் சொல்வார்கள். அதே கருவடிக்குப்பத்தில் சுடுகாடும் இருக்கிறது. பிணத்துக்கு முன்னால் அடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றி யாரும் பாடம் நடத்துவதில்லை. குயில் கூவியதற்கு வரலாறு இருக்கிறது. தோலைக் காய்ச்சி அடித்தவனுக்கு இல்லை.

இன்றைக்குச் சாவானாலும் கல்யாணமானாலும், கூழ் ஊற்றுவதானாலும் கட்சிக் கூட்டமானாலும் ஓசை வண்டியில் வந்து இறங்குகிறது. பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், சீரியல் செட், ஜெனரேட்டர், கொஞ்சம் வசதியென்றால் எல்இடி திரை. இதைப் புதுத் தொழில் என்கிறார்கள். ஓசையைச் சுமந்துகொண்டு அடுத்தவன் வாசலுக்குப் போவது நமக்குப் புதுசா? நம் பாட்டன் தோளில் தொங்கியது என்ன?

ஆனால் பாட்டன் செய்தது தொழில் இல்லை. சாவுச் சேதி சொல்லப் போகணும். பாடை கிளம்பும் வரை அடிக்கணும். ஊர்த் திருவிழாவில் ஒதுங்கி நின்று அடிக்கணும். தண்டோரா போடணும். இதற்கெல்லாம் களத்தில் கொஞ்சம் நெல், சாவு வீட்டில் சோறு, ஒரு குவளை சாராயம். 'இன்னைக்கு முடியாதுங்க' என்று சொல்ல வழியில்லை. தொழிலுக்கும் அடிமை வேலைக்கும் வித்தியாசம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

ஊருக்கு அடித்தே ஆகணும் என்றவர்கள், உன் வீட்டுக்கு அடித்துக்கொள் என்றாவது சொன்னார்களா? இந்தப் பக்கத்து ஆதாரமல்ல, இராமநாதபுரத்து ஆதாரம். ஆனால் தமிழ் நிலம் முழுவதற்கும் பொருந்தும். 1931இல் அங்கே ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மேல் பதினொரு கட்டளைகளைச் சுமத்தினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் தன் 'இந்தியாவில் சாதி' நூலில் (1946) அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பிள்ளைகள் படிக்கக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது என்பவற்றோடு இன்னும் இரண்டு. கல்யாணம் முதலிய விசேஷங்களில் மேளம் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது, எந்த வண்டி வாகனத்தையும் பயன்படுத்தக் கூடாது.

மேளமும் வாகனமும்! அவர்கள் குறிபார்த்துத் தடுத்த இரண்டையும் சேர்த்தால் கிடைப்பதுதான் இன்றைய சவுண்டு சர்வீஸ். அடுத்தவன் வீட்டு விசேஷத்துக்கு நம் கை வேண்டும். நம் வீட்டு விசேஷம் தெருவுக்குக் கேட்கக் கூடாது. நம்மைக் கல்யாண ஊர்வலம் போகவிடாமல் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வெளிப்படையாக எழுதுவதற்கு 2015ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒலிபெருக்கி இதில் ஓர் உடைப்பை உண்டாக்கியது. 1940இல் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் பெட்டிகள் ஊர் ஊராகப் பரவின. இசைத்தட்டு போய் கேசட் வந்தது, கேசட் போய் சிடி வந்தது, இப்போது செல்போனே போதும். இயந்திரத்துக்குத் தோல் வாடை கிடையாது. பறை அடித்தவனைச் சாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய், செட்டு கொண்டுவந்தவனை 'மைக் செட்டுக்காரரே' என்றது. முக்கியமாக, களத்து நெல் போய் ரேட்டு வந்தது. அட்வான்ஸ் வாங்காம வண்டி கிளம்பாது. பாட்டனுக்கு இல்லாத 'முடியாது' பேரனுக்கு வந்தது.

ஆனால் எந்தப் பேரனுக்கு? பறையைச் செய்யத் தோலும் சட்டமும் கைப்பழக்கமும் போதும். செட்டுக்கு லட்சங்கள் வேண்டும். நிலமும் கடையும் வைத்திருந்தவர்கள் முதலில் வாங்கினார்கள். நம் பையன்கள் பாக்ஸ் தூக்கினார்கள், கம்பத்தில் ஏறிக் குழாய் கட்டினார்கள், ஈரத் தரையில் ஒயர் இழுத்தார்கள். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தி வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். நல்ல காரியம். இழிவு ஒழியட்டும். ஆனால் அந்த வண்டி யாருடையது, வாடகை யாருக்குப் போகிறது என்பதையும் கேட்க வேண்டாமா? இழிவு இருந்தவரை வேலை நம்முடையது, இழிவு நீங்கியதும் வேலை இன்னொருத்தருடையது என்றால் எப்படி?

ஆகவே செட்டு நம் கைக்கு வரவேண்டும். 2005இல் டாடா ஏஸ் என்ற குட்டியானை வந்தபிறகு சின்ன முதலாளிக்கும் வண்டி எட்டும் தூரத்துக்கு வந்தது. இரண்டு பாக்ஸோடு தொடங்கி, பெரிய ஆர்டருக்கு மிச்சத்தை அடுத்த செட்டிடம் வாடகைக்கு எடுத்து, லாபத்தில் ஒவ்வொன்றாகச் சொந்தமாக்குவதே நடக்கக்கூடிய வளர்ச்சி. தையிலும் ஆடியிலும் வேலை குவியும். மார்கழியில் கல்யாணம் இல்லை, வட்டி மட்டும் நிற்காது. 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் பத்து லட்சத்திலிருந்துதான் தொடங்கியது. இரண்டு லட்சம் கேட்டு நிற்கிறவனுக்கு அதில் இடமில்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. மீறச் சொல்வது விசேஷ வீட்டுக்காரர், போலீசு தூக்கிப் போவது செட்டை. இதையெல்லாம் முன்கூட்டியே பேசி எழுதி வாங்குகிறவனே நிலைப்பான்.

இன்னொன்றும் உண்டு. வாடகைக்குப் போன பாக்ஸ் யார் பாட்டையும் பாடும். நம்மை இழித்து, ஆண்ட பெருமை பேசும் பாட்டைப் போடச் சொன்னால் என்ன செய்வது? பாட்டன் சொல்ல முடியாத சொல்லை அங்கே சொல்லணும். அதே நேரம் ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கு 'அன்னைக்கு வண்டி இல்ல' என்று அடுத்தவன் கைவிரிக்கும்போது நம் செட்டு நம் தெருவில் நிற்கணும்.

பறையைத் தூக்கி எறிவதா, மீட்டெடுப்பதா என்று நமக்குள் நெடுநாள் சண்டை. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திராவின் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் அதை விரும்பி ஏந்தினார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானின் பறைக்கும், புதுச்சேரி தட்சிணாமூர்த்தியின் தவிலுக்கும் ஒரே பட்டியலில் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டுமே தோல்தான் என்பதை டெல்லி அறிய இத்தனை காலம். பறையோ பாக்ஸோ, எதுவானாலும் கருவி நம்முடையதாக, கூலி நாம் சொன்னதாக, வருவதும் வராததும் நம் இஷ்டமாக இருக்கட்டும். அதற்குக் குறைவான எதுவும் பழைய களத்து நெல்லே.