சிக்காகோ ரிவ்யூ: ஒரு மாணவர் இலக்கிய இதழின் வரலாறு

சிக்காகோ ரிவ்யூ என்பது அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திவரும் இலக்கிய இதழ் ஆகும். 1946ஆம் ஆண்டு முதுநிலை மாணவர்கள் இருவரால் தொடங்கப்பட்டு, இன்றும் வெளிவருகிறது. இதை நம் கல்லூரிகளின் ஆண்டு மலர் போன்றது என்று எண்ணிவிடக் கூடாது. முதல்வரின் வாழ்த்துரையோ விளையாட்டு விழாப் படங்களோ இதில் இருப்பதில்லை. வெளியுலக எழுத்தாளர்களிடமிருந்து கதை, கவிதை, கட்டுரைகளைப் பெற்று, அவற்றுள் எதை வெளியிடலாம் என்று மாணவ ஆசிரியர்களே முடிவு செய்வார்கள். இடமும் நிதியுதவியும் பல்கலைக்கழகத்துடையவை. அப்படியானால் இதழ் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வி 1958ஆம் ஆண்டின் இறுதியில் பெரிய சர்ச்சையாக வெடித்தது. அதுவே இவ்விதழின் வரலாற்றில் முக்கியமான பகுதி.

கேள்வி ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் மாணவர் இலக்கிய இதழ்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டன. யேல் இலக்கிய இதழ் 1836இல் தொடங்கியது. ஹார்வர்டில் கட்டாய வழிபாட்டைக் குறைகூறிய மாணவர் இதழ் ஒன்றை ஆசிரியர்கள் நிறுத்திவிட, அதன் இடத்தில் 1866இல் எழுந்ததுதான் ஹார்வர்ட் அட்வகேட். பிற்காலத்தில் டி. எஸ். எலியட் மாணவராக இருந்தபோது கவிதை எழுதியது அந்த இதழில்தான்.

1958 சர்ச்சை

அவ்வாண்டு சிக்காகோ ரிவ்யூவின் ஆசிரியராக இர்விங் ரோசன்தாலும், கவிதைப் பகுதியின் ஆசிரியராகப் பால் கரோலும் இருந்தனர். சான் பிரான்சிஸ்கோ நகரில் அப்போது புதிய எழுத்தாளர் குழு ஒன்று பேசப்பட்டு வந்தது. 'பீட்' தலைமுறை என்று பின்னர் புகழ்பெற்றவர்கள் அவர்களே. அவர்களுள் ஒருவரான ஆலன் கின்ஸ்பெர்க்கின் 'ஹவுல்' கவிதை நூல் மீதான வழக்கில், அது ஆபாசம் அன்று என்று 1957இல்தான் தீர்ப்பு வந்திருந்தது. ரோசன்தாலும் கரோலும் இந்த எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்தனர். 1958 வசந்த கால இதழ் சான் பிரான்சிஸ்கோ எழுத்துக்காகவும், கோடை இதழ் ஜென் பௌத்தத்துக்காகவும் ஒதுக்கப்பட்டன. வசந்த இதழிலும் இலையுதிர் கால இதழிலும் வில்லியம் பர்ரோஸின் 'நேக்கட் லஞ்ச்' நாவலின் பகுதிகள் வெளிவந்தன. போதைப்பழக்கத்தையும் அதன் கொடுங்கனவுகளையும் மறைக்காமல் எழுதிய நாவல் அது. அன்று அதற்குப் பதிப்பாளரே கிடைக்கவில்லை.

1958 அக்டோபர் 25 அன்று சிக்காகோ டெய்லி நியூஸ் நாளிதழில் பத்தி எழுத்தாளர் ஜாக் மேப்லி இதைக் கடுமையாகச் சாடினார். பல்கலைக்கழகத்தின் பெயரில் அசிங்கமான எழுத்து வெளிவருகிறது, அறங்காவலர்கள் கவனிக்க வேண்டும் என்பது அவர் வாதம். பல்கலைக்கழகத்தின் தலைவர் லாரன்ஸ் கிம்ப்டன். சான்சலர் என்பது அவர் பதவியின் பெயர். நம் ஊர்த் துணைவேந்தரைப் போன்ற நிர்வாகப் பொறுப்பு அது. நன்கொடையை நம்பி நடக்கும் தனியார் பல்கலைக்கழகத்துக்கு இத்தகைய செய்தி தலைவலிதான். பர்ரோஸ், ஜாக் கெருவாக், எட்வர்ட் டால்பெர்க் ஆகியோரின் எழுத்துகளோடு தயாராகிவந்த குளிர்கால இதழ் அந்த வடிவில் வரக் கூடாது, யாருக்கும் உறுத்தாத இதழாகவே வர வேண்டும் என்று ரோசன்தாலுக்குத் தெரிவிக்கப்பட்டது.

அவர் இணங்கவில்லை. ஆசிரியர் குழுவில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் பதவி விலகினர்.

மாணவர் இதழ் ஒரே எழுத்தாளர் குழுவின் மேடையாகிவிடலாமா என்றும் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விடை காண வேண்டியவர்கள் ஆசிரியர் குழுவினரும் வாசகர்களும். அச்சுக்குப் போகும் முன் நிர்வாகம் கைவைப்பது வேறு விஷயம்.

பிக் டேபிள்

விலகியவர்கள் நிறுத்தப்பட்ட படைப்புகளைக் கொண்டு தனி இதழ் தொடங்கினர். 'பிக் டேபிள்' என்ற பெயரைத் தந்தவர் கெருவாக். பெரிய மேசை வாங்க வேண்டும் என்று தமக்குத் தாமே எழுதி வைத்திருந்த குறிப்பிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பார்கள். அச்சுச் செலவுக்குப் பணம் திரட்ட, 1959 ஜனவரி 29 அன்று சிக்காகோவின் ஷெர்மன் ஹோட்டலில் கின்ஸ்பெர்க், கிரெகரி கோர்சோ, பீட்டர் ஆர்லோவ்ஸ்கி ஆகியோர் கவிதை வாசித்தனர். நிறுத்தப்பட்ட குளிர்கால இதழின் முழு உள்ளடக்கம் என்று அட்டையிலேயே அறிவித்தபடி, மார்ச் மாதம் முதல் இதழ் வந்தது.

அடுத்த இடி அஞ்சல் துறையிலிருந்து. பர்ரோஸ், கெருவாக் ஆகியோரின் எழுத்துகள் ஆபாசம் என்று சொல்லி, 400க்கும் மேற்பட்ட பிரதிகளை அஞ்சல் துறை தடுத்து வைத்தது. வழக்கு நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் முன் சென்றது. ஒரு படைப்பைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுமையாகப் பார்க்க வேண்டும் என்ற அளவுகோலை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் ராத் வழக்கில் வகுத்திருந்தது. அதன்படி ஆராய்ந்த ஹாஃப்மன், இவ்வெழுத்து வாசகரை அதிரவைக்கலாம், ஆனால் காமத்தைத் தூண்டுவதன்று என்று 1960இல் தீர்ப்பளித்தார். இதே ஹாஃப்மன்தான் 1969இல் போர் எதிர்ப்பாளர்கள் மீதான 'சிக்காகோ ஏழுவர்' வழக்கை விசாரித்துப் பலத்த விமர்சனத்துக்கு ஆளானவர். அந்த வழக்கில் கின்ஸ்பெர்க் அவர் முன்னாலேயே சாட்சிக் கூண்டில் நின்றார் என்பது ஒரு வேடிக்கை.

தடுக்கப்பட்டதால் எழுத்து அழிந்துவிடவில்லை. இந்தப் பரபரப்புக்குப் பின், முன்பு மறுத்திருந்த பாரிஸ் பதிப்பகமான ஒலிம்பியா பிரஸ் 1959இலேயே 'நேக்கட் லஞ்ச்' நாவலை வெளியிட்டது. அமெரிக்கப் பதிப்பு 1962இல் வந்தது. பாஸ்டனில் விதித்த தடையை மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் 1966இல் நீக்கியது.

அதன் பின்

பிக் டேபிள் ஐந்து இதழ்களோடு 1960இல் நின்றுவிட்டது. வெளியேறியவர்களை இலக்கிய வரலாறு போற்றுகிறது. போகாமல் இருந்த அந்த ஒருவர், ஹியுங் ஊங் பாக், பணிந்துபோனவர் போலவே பேசப்படுகிறார். அவருக்கு இது முழு நியாயம் செய்வதாகத் தோன்றவில்லை. நிர்வாகத்தின் சந்தேகப் பார்வையின் கீழ் ஆசிரியர் பொறுப்பை ஏற்று, இதழை நின்றுபோகாமல் காத்தவர் அவர். மாணவர் இதழுக்கு ஆயுள் குறைவு. படிப்பு முடிந்தால் ஆசிரியர் குழுவே கலைந்துவிடும். அடுத்த அணியிடம் இதழை ஒப்படைப்பதும் ஒரு பணிதான்.

இரு இதழ்களின் கடிதங்களும் ஆவணங்களும் இன்று சிக்காகோ பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பிலேயே பாதுகாக்கப்படுகின்றன.