தேக்கு உருண்ட மலையில் இருவாச்சி

"மேல பாக்காதீங்க டீச்சர், தரையப் பாருங்க" என்றார் வழிகாட்டி அண்ணன். ஆனைமலையின் காடர் பழங்குடிக்காரர். பெரிய மரமொன்றின் அடியில் பறவை எச்சம், கக்கிய விதைகள், அவற்றில் முளைத்த கன்றுகள். "மேல இருவாச்சிக் கூடு இருக்கு. உள்ள பொட்டை இருக்கு." அதன்பிறகே அண்ணாந்தேன். மிக உயரத்தில் ஒரு பொந்து. வாயெல்லாம் பூசி அடைத்து, அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல்.

நாங்கள் நின்ற டாப்ஸ்லிப்பின் பெயரே மரம் உருட்டியதால் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கை வெட்டி, இந்த உச்சியிலிருந்து சரிவில் தள்ளிவிட்டார்கள். பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு அது போனது. வெட்டி ஓய்ந்த மலையில் 1915க்குப் பிறகு தேக்கை மீண்டும் தழைக்க வைத்தவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. அவர் கல்லறையும் இங்கேதான். அங்கே நின்று கும்பிட்டேன்.

ஆனாலும் இருவாச்சிக்குத் தேக்கந்தோப்பு வீடாகாது. அதற்கு மரம் கொத்திப் பொந்து செய்யத் தெரியாது. கிளை முறிந்த இடம் உளுத்து, உள்ளே ஒரு பெரிய பறவை குந்தும் அளவுக்குக் குடைவு விழ வேண்டும். அதற்கு மரம் கிழமாக வேண்டும். பக்கத்தில் அத்தியும் பழுக்க வேண்டும். கோடரி போகாத சோலையில்தான் இரண்டும் கிடைக்கும்.

அந்தச் சோலையைக் காடர்கள் தேனுக்காக ஏறி ஏறி அறிந்தவர்கள். "தாத்தா காலத்துல குஞ்சை எடுத்துத் தின்னிருக்காங்க" என்று அண்ணன் மறைக்காமல் சொன்னார். கூடு எங்கே, குஞ்சு எப்போது என்ற கணக்கு அப்படித்தான் கைக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் பறவை ஆய்வாளர் ரகுபதி கண்ணன் இருவாச்சியை ஆராய்ந்தது இதே ஆனைமலையில்தான். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து வாழச்சாலில், இன்று கூடுகளுக்குக் காவல் இருப்பவர்கள் காடர்களே. பறவை நூல்களில் வெள்ளைக்காரர் பெயர்கள் நிறைய உண்டு; மரத்தைக் காட்டியவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. அது எனக்கு ஆறவில்லை.

"வருது" என்றார் அண்ணன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கரிவண்டி மேடேறுவதுபோல் சிறகுச் சத்தம். ஆண் பறவை பொந்தருகே தொற்றி நின்று, தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக அலகு நுனிக்குக் கொண்டுவந்து கீறலுக்குள் கொடுத்தது. அண்ணன் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருந்தார்.

"இருபத்தேழு" என்றார், அது பறந்த பிறகு.