ஆசிரியையின் பேறும் வகுப்பின் பாரமும்

குற்றம் புரிந்தோர் நெஞ்சுறுத்தலின்றித் திரிதலும், குற்றமேதும் புரியாதோர் அதனால் நலிதலும் உலகில் நாம் காணாதன அல்ல. பின்னவருள் ஒரு சாரார், பேறுகால விடுமுறையிற் செல்லும் நம் ஆசிரியைமார்.

யான் மலாக்காத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்ப்பவன். என் மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எட்டாந் திங்களில், கால் வீங்கிய நிலையிலும், இரவு பதினொரு மணி வரை விளக்கடியில் அமர்ந்து, தான் இல்லாத நாட்களுக்கெல்லாம் பயிற்சித்தாள் எழுதிக்கொண்டிருந்தாள். “போதும், படுத்துக்கொள்” என்றேன். “ஒரு பிள்ளைக்காக இருபத்திரண்டு பிள்ளைகளை நடுவழியில் விட்டுப்போகிறேனே, இது தகுமா?” என்று கண் கலங்கினாள். அன்று விடை கூற என்னால் இயலவில்லை. இவ்வெண்ணம் நம் பெண்டிர் நெஞ்சில் எவ்வாறு புகுந்தது என்று பின்னர் ஆராயத் தொடங்கினேன். அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

மலாயாவின் இரப்பர்த் தோட்ட வரலாறு மலாக்காவிலே தொடங்குகிறது. 1896-ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்னும் சீனப் பெரியார் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் கண்டார். இரப்பர் பெருகப் பெருகத் தமிழர் குடும்பங்குடும்பமாய் வந்து பால்வெட்டினர். ஆணும் பெண்ணும் சரிநிகராய்க் கத்தி பிடித்தனர். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பெண் தொழிலாளியின் பேறுகாலப் படியும் சட்டத்தில் இடம் பெற்றது.

பள்ளி என்ற பெயர் இருந்ததேயன்றிப் பல இடங்களில் அது ஒரு கொட்டகையே. ஆசிரியரும் ஒருவரே. சில தோட்டங்களிற் கங்காணியோ, என்னைப் போன்ற கிராணியோ அவ்வேலையையும் சேர்த்துப் பார்த்ததுண்டு. ஓராசிரியர் பள்ளியில் அவ்வொருவர் வாராவிடின் அன்று பள்ளி இல்லை. பிள்ளைகள் தாயாருடன் பால்மரக் காட்டுக்கு ஒட்டுப்பால் பொறுக்கச் சென்றுவிடுவர். ஆதலின் ‘ஆசிரியர் நீங்கினால் கல்வியே நீங்கும்’ என்பது நம் மக்கள் கண்கூடாய்க் கண்ட உண்மை. அவ்வச்சந்தான், ஆசிரியர் பலர் வந்துவிட்ட இந்நாளிலும் ஆசிரியையின் நெஞ்சில் குற்றமாய் உருமாறி நிற்கிறது என்பது என் துணிபு.

நிற்க. இரப்பர்க் காலத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெயர் அழைக்கப்படும். பால்வெட்டும் பெண்ணொருத்தி பிள்ளைப்பேற்றுக்கு நின்றுவிட்டால், கிராணி செக்ரோலில் குறித்துக்கொள்வார். அவளுடைய நிரை வேறொருவர் கைக்கு மாறும். ‘மரங்களைக் கைவிட்டாயே’ என்று அவளை எவரும் கேட்டதாக முதியோர் எவரும் எனக்குச் சொன்னதில்லை. மரத்தைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. பால் நின்றால் பணம் நிற்குமன்றோ? மரத்துக்கு மாற்றாள் தேடத் தெரிந்த நாம், வகுப்புக்கு மாற்றாள் இல்லையெனில் ஆசிரியையைப் பார்த்து, “பிள்ளைகள் கதி என்ன?” என்கிறோம். என்ன விந்தை!

இவ்விந்தை நமக்கு மட்டும் உரியதன்று. மணமான பெண் ஆசிரியப் பணிக்கு ஆகாள் என்ற விதி மேனாடுகளிலும் கோலோச்சியது. இலண்டன் நகராட்சி 1935-ல் அதனைக் கைவிட்டது. 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இங்கிலாந்தில் அதற்கு முடிவு கட்டியது. அயர்லாந்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியைமாரை அவ்விதி 1934 முதல் 1958 வரை வாட்டிற்று. மலாயாவிலோ, ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைந்த ஊதியம். மணம் புரிந்தால் நிலையான பணியை இழந்து தாற்காலிக ஊழியராகத் தொடரும் நிலை. இவற்றை எதிர்த்து 1960-ல் தோன்றியது மலாயாப் பெண் ஆசிரியர் சங்கம். இளம் பருவத்திலேயே நேதாஜியின் ஜான்சிராணிப் படையிற் சேர்ந்த ராசம்மா பூபாலன் அதன் முதற் தலைவர். பெண் ஊழியர் பலரும் சேர்ந்து போராடியதன் பயனாய் 1969-ல் அரசு சம ஊதியக் கொள்கையை ஏற்றது. ‘தாயாக இருப்பவள் முழு ஆசிரியை அல்லள்’ என்று பல்லாண்டு விதி பேசிற்று. விதி மறைந்தது; அதன் குரலோ மறையவில்லை. இன்று அது வெளியே ஒலிக்காமல் உள்ளே ஒலிக்கிறது.

அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரின் வழக்கொன்று இங்கே கருதத்தக்கது. கருவுற்ற ஆசிரியை, பேற்றுக்கு ஐந்து மாதம் முன்னரே ஊதியமின்றி விலக வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் நிறைந்தபின், அடுத்த பருவத் தொடக்கத்திலேதான் திரும்பலாம் என்று அந்நகரக் கல்விக் கழகம் விதித்திருந்தது. கழகத்தார் கூறிய காரணம் யாது? ‘மாணவர் கல்வி இடையறாது நடைபெற வேண்டும்’ என்பதே! ஜோ கரோல் லாஃபிளர் என்னும் ஆசிரியை வழக்காடினார். 1974-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது. குறித்த மாதத்தில் கட்டாயமாய் விலக்குவது பருவத்தின் நடுவிலேயே வகுப்பைக் குலைக்கக்கூடும். இடையறாத கல்வியே நோக்கமாயின், ஆசிரியை முன்கூட்டி அறிவித்தலே போதுமானது என்பது நீதிபதிகள் காட்டிய நெறி. முன்கூட்டி அறிவித்தல் ஆசிரியையின் கடன். அறிந்தபின் மாற்றாளைத் தேடுதல் நிர்வாகத்தின் கடன்.

இக்கடன் யாருடையது என்ற கேள்வி நம் இனத்தார்க்கும் புதிதன்று. 1928-ல் பம்பாய்ச் சட்டசபையில் பேறுகால நன்மை மசோதா விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கார் அதனை ஆதரித்தார். தாய்க்கு ஓய்வளிப்பது நாட்டின் நலம். அச்சுமையிற் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும். பெண்ணின் உழைப்பால் பயனடையும் முதலாளியும் விலகி நிற்கலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டே பம்பாயில் சட்டம் பிறந்தது. 1934-ல் சென்னை மாகாணமும் அவ்வழி சென்றது. சுமையைப் பகிர்வோர் வரிசையில் அரசும் முதலாளியும் நின்றனர். தாயின் தலையில் அதனை ஏற்ற அறிஞர் எண்ணவில்லை.

மலேசியாவில் 2010 அக்டோபரில் வெளியான வரவு செலவுத் திட்டம், அரசு ஊழியைக்கு ஒரு பேற்றுக்கு 90 நாள் வரை ஊதியத்துடன் விடுமுறை அறிவித்தது. பிற தொழிலாளர்க்கு, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்கீழ் 60 நாளாக இருந்தது, 2023 ஜனவரி முதல் 98 நாளாயிற்று. நாட்கள் பெருகின, நெஞ்சின் அமைதியோ பெருகவில்லை. சட்டம் உடலை வீட்டுக்கு அனுப்பினாலும் மனம் வகுப்பிலேயே நின்றுவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இழப்பே இல்லையென்று யான் சொல்ல வரவில்லை. எழுத்துக்கூட்டத் தொடங்கிய முதலாம் ஆண்டுக் குழந்தை, பழகிய முகத்தைக் காணாது ஏங்கத்தான் செய்யும். மலாக்கா மாநிலத்தில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் 21. அவற்றுட் சிறு பள்ளிகளில் ஓர் ஆசிரியை நீங்கினால், மற்றவர் தம் வகுப்போடு அவள் வகுப்பையும் சுமக்க நேரிடும். உடன்பணிபுரிவோர் களைத்த முகமே அவளைச் சுடும். ஆனால் காய்ச்சல் போலப் பேறு திடீரென வருவதில்லை. பல திங்கள் முன்னரே இயற்கை அறிவிப்புக் கொடுத்துவிடுகிறது. அத்தனை திங்களிலும் பதிலாசிரியர்க்கு ஏற்பாடு நடவாவிடின், பிழை கருவிலா இருக்கிறது? ஏற்பாட்டிலன்றோ இருக்கிறது!

இறுதியாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மனைவி கருவுற்ற செய்தியைச் சொன்ன அன்று, மகிழ்ச்சி தணிந்ததும், “அப்படியானால் உன் வகுப்பை யார் பார்ப்பார்?” என்று கேட்டவன் யானே. அன்பால் கேட்டதாகவே எண்ணினேன். எட்டாந் திங்களில் விளக்கடியில் அவள் சுமந்திருந்தது என் கேள்வியைத்தான் என்பது பின்னரே விளங்கிற்று. நாள்தோறும் செக்ரோலில் மாற்றாளை எழுதும் கை என்னுடையது. வீட்டிலே அதனை மறந்தேன்.

ஆதலின், தோட்டத்தும் நகரத்தும் வாழும் அன்பர்காள்! உங்கள் பிள்ளையின் ஆசிரியை பேறுகாலம் நெருங்கியதைச் சொல்லும்போது, “நலமாகப் போய் வாருங்கள், டீச்சர்” என்று மட்டும் அவரிடம் கூறுங்கள். “பதிலாசிரியர் எந்நாள் வருவார்?” என்னும் கேள்வியைத் தலைமையாசிரியரிடமும், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும், கல்வி இலாகாவிடமும் கேளுங்கள். கேள்வி உரிய இடத்தை அடைந்தால், குற்றவுணர்ச்சி உரியதல்லாத நெஞ்சை விட்டு நீங்கும்.