டெல்லி பேர், தரமணி ஆய்வு: ஒரு குதிக்கும் மரபணுவின் கதை

போன வாரம் மயிலாப்பூரில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர், "தொண்டை வலி, ஸ்ட்ராங்கா ஆன்டிபயாடிக் ரெண்டு குடுங்க" என்றார். சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. மூணு மாத்திரை இருந்த அசித்ரோமைசின் அட்டையில் ரெண்டை வெட்டிக் கொடுத்தார்கள். எங்கோ படித்த 2010-ஆம் வருஷத்து கலாட்டா ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. (அப்போது எனக்கு அ, ஆ கூட ஒழுங்காக எழுத வராது என்பது வேறு விஷயம்.)

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. அமெரிக்காவில் பார்பரா மெக்லின்டாக் என்ற பெண்மணி 1940-களில் மக்காச்சோள மணிகளின் நிறப்புள்ளிகளை வருஷக்கணக்காகப் பார்த்து, சில டிஎன்ஏ துண்டுகள் இருந்த இடத்தை விட்டு வேறு இடத்துக்குக் குதிக்கின்றன என்று கண்டுபிடித்தார். 1951-ல் இதை அவர் பேசியபோது அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. மரபணு என்றால் நூலில் கோத்த மணி, நகராது என்றுதான் அன்றைய நினைப்பு. நோபல் பரிசு 1983-ல் வந்தது, அவருடைய 81-வது வயதில்! இன்று, மனித டிஎன்ஏ-வில் கிட்டத்தட்ட பாதி இப்படிக் குதித்தவற்றின் மிச்சம் என்று தெரியும்.

பாக்டீரியாவில் இந்தக் கூத்து இன்னும் ஜோர். குதிக்கும் துண்டுக்கு டிரான்ஸ்போசான் என்று பெயர். பிளாஸ்மிட் என்பது ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, சில சமயம் வேறு இனத்துக்கே, போகக்கூடிய டிஎன்ஏ வளையம். பிளாஸ்மிட் பஸ் என்றால் டிரான்ஸ்போசான் பயணி. அடையாறில் ஏறி தி.நகரில் இறங்கி வேறு பஸ் பிடிக்கிற மாதிரிதான்.

சரி, 2010-க்கு வருவோம். டெல்லி மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-ல் ஒரு கிருமி கிடைத்தது. கடைசி அஸ்திரமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே அது உடைத்துப் போட்டது. அதற்கான மரபணுவுக்கு நியூ டெல்லி பெயரைச் சேர்த்து என்டிஎம்-1 என்று 2009-ல் பெயர் வைத்தார்கள். 2010 ஆகஸ்டில் லான்செட்டின் தொற்றுநோய் இதழில் அடுத்த கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, நம்ம தரமணி வளாகத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலைய ஆய்வாளர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற ஊர்களில் 73 மாதிரிகளில் என்டிஎம்-1 இருந்தது.

பிறகு ஒரே ரகளை. டெல்லி பேரை எப்படி வைக்கலாம், இது நம் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று அரசாங்கமும் அரசியல்வாதிகளும் கொதித்தார்கள். அறுவை சிகிச்சைக்கு இந்தியா போகாதீர்கள் என்கிற தொனியிலிருந்த பகுதி தன்னுடையதல்ல என்று கார்த்திகேயனே சொன்னார். 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் பெயருக்காக மன்னிப்பும் கேட்டார். கோபத்தில் நியாயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தச் சத்தத்தில் கட்டுரையின் முக்கியமான வரி காதில் விழாமலே போனது என்பதுதான் என் வருத்தம்.

அந்த வரி இதுதான். ஹரியானாவில் கிடைத்தவை ஒரே கிருமியின் நகல்கள், அவற்றின் பிளாஸ்மிட்கள் இடம் மாறவில்லை. சென்னையில் கிடைத்தவையோ ஒன்றுக்கொன்று உறவில்லாத வெவ்வேறு வகைகள், அவற்றின் பிளாஸ்மிட்கள் சுலபமாக இன்னொரு கிருமிக்குத் தாவின. அதாவது ஹரியானாவில் பரவியது கிருமி, நம் ஊரில் பரவியது மரபணு. கிருமி பரவினால் வார்டை மூடிக் கழுவலாம், நோயாளியைத் தனியாக வைக்கலாம். மரபணுவே கிருமி விட்டுக் கிருமி தாவினால் எந்தக் கிருமியை என்று தேடுவது?

இன்னொரு ஆச்சரியம் 2012-ல் வெளிவந்தது. என்டிஎம்-1 மரபணுவின் தலைப்பகுதி வேறொரு ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவிலிருந்து வந்த ஒட்டு. அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்குள் இந்த ஒட்டுவேலை நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதை இயக்கும் சுவிட்சையும் குதிக்கும் துண்டு ஒன்றுதான் தந்திருக்கிறது. பல லட்சம் வருஷ சமாச்சாரம் என்று நாம் படிக்கும் பரிணாமம் நம் காலத்திலேயே ஆஸ்பத்திரிக்குள் வந்து நிற்கிறது. 2011-ல் டெல்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும், குழாய்த் தண்ணீர் 50-ல் 2-லும் இந்த மரபணு இருந்தது. பிளாஸ்மிட் தாவ அதற்கு ரொம்பப் பிடித்தது 30 டிகிரியாம். நம்ம ஊரில் அதற்குப் பேர் குளிர்காலம் :-)

நல்லதும் நடந்தது. 2012 ஆகஸ்டில் டாக்டர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைக்க, நாட்டின் பல மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்தன. 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணை அமலுக்கு வந்தது. அதிலிருக்கும் 24 ஆன்டிபயாடிக்குகளை விற்றால் யாருக்கு, எந்த மருத்துவர் எழுதியது என்று கடைக்காரர் பதிந்து மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

அசித்ரோமைசின் அந்த அட்டவணையில் இல்லை. பழைய எச் அட்டவணையில்தான் இருக்கிறது. அதற்கும் சீட்டு வேண்டும். 'தொண்டை வலி மாத்திரைதானே, கார்பபெனெமா சாப்பிட்டார்?' என்று கேட்கலாம். ஒரே பிளாஸ்மிட்டில் பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்தே பயணம் செய்யும். ஒரு மருந்தில் தப்பிக்கும் கிருமியோடு பஸ்ஸிலிருக்கும் எல்லாப் பயணிகளும் பிழைத்துக்கொள்வார்கள்.

அட்டையில் மிஞ்சிய அந்த மூணாவது மாத்திரையை கடைக்காரர் திரும்ப டப்பாவுக்குள் போட்டார். அடுத்து வருகிற தொண்டை வலிக்காரருக்கு இருக்கும்.