சதுரத்துக்கு எந்த ஊர்?

எங்கள் காரைக்காலில் 'பிரான்ஸ்காரர் வீடு' என்றால், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் வீடு என்று அர்த்தம். ஓவியர் வீடு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவா, இதுவா? நடுவில் எதுவும் கிடையாது.

பிழைப்புக்கு நான் ஆன்லைன் படிவங்கள் செய்கிறேன். 'நாடு' என்ற பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போடுவேன். காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது.

அதே அறுபதுகளில் மெட்ராஸிலிருந்து இரண்டு பேர் வேறு காரணத்துக்காக பிரான்ஸ் போனார்கள். அக்கித்தம் நாராயணன் 1967இல், பிரெஞ்சு அரசின் ஸ்காலர்ஷிப்பில். விசுவநாதன் 1968இல். இருவரும் கேரளத்தில் பிறந்து, மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் படித்தவர்கள். எஸ்.எச். ரஸா 1950இலேயே பாரிஸ் போயிருந்தார். அவருக்கும் முன்னால், 1946இல், இஸ்தான்புல்லிலிருந்து போனவர் நெஜாத் தெவ்ரிம். நால்வருமே அரூப ஓவியத்தில் பேர் வாங்கியவர்கள்.

அரூபத்தில் ஆள் இல்லை, மரம் இல்லை. அப்போ ஊரும் கேட்க மாட்டார்கள் என்றுதானே நினைப்போம்? கேட்டார்கள். ஜோசப் ஆல்பர்ஸ் 1950 முதல் சாகும்வரை சதுரத்துக்குள் சதுரம் வரைந்தார். அதை நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்றார்கள். விசுவநாதன் சதுரமும் முக்கோணமும் வரைந்தால் யந்திரம், மண்டலம். பணிக்கர், ரஸா எல்லாரும் 'நவதாந்திரிகம்' என்ற ஒரே போர்டுக்குக் கீழே. தெவ்ரிமின் கோடுகளில் இஸ்லாமிய எழுத்தணியும் பைசாந்திய மொசைக்கும்.

இது முழுப் பொய் இல்லை. தன் வட்டத்துக்கு 'பிந்து' என்று பெயர் வைத்தவர் ரஸாவேதான். ஆனால் ஆல்பர்ஸும் 1933இல் ஜெர்மனியை விட்டு அமெரிக்கா போனவர்தானே? அவர் சதுரத்திடம் மட்டும் ஏன் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை?

பாரிஸில் குடியேறிய பிறகு விசுவநாதன் இந்தியக் கடற்கரை நெடுகப் போய் மணல் சேகரித்தார், மணலைப் பற்றிப் படமும் எடுத்தார். மணலில் ஊர்ப்பெயர் எழுதியிருக்காது. ஆனால் ஒவ்வொரு கரைக்கும் ஒரு நிறம் உண்டு. ஊர் ஒரு ஓவியத்துக்குள் வருவதும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பணிக்கர் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலத்துக்கு அடுத்த முறை போனால், ஓவியத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைக் கடைசியில் படியுங்கள். முதலில் நிறத்தைப் பாருங்கள்.