முப்பது நாள் அவகாசம்

விவாகரத்தைத் தடுப்பதற்காகக் கட்டிய நீதிமன்றம் ஒன்று, விவாகரத்தான பின் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று பேசி முடிக்கும் இடமாக மாறியது. கலிஃபோர்னியா மாநிலம் 1939இல் அதற்கான சட்டத்தை இயற்றியபோது 'குழந்தைகளுக்கான சமரச நீதிமன்றம்' என்று பெயர் வைத்தது. பெயரில் குழந்தை இருந்தாலும் அதன் குறி கல்யாணத்தின் மேல்தான். சிறு பிள்ளைகள் உள்ள தம்பதியரில் ஒருவர் மனுக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. அடுத்த 30 நாளைக்கு விவாகரத்து வழக்குத் தொடுக்க முடியாது. அங்கே பேசுவது ரகசியம். அந்தக் காலத்தில் மணவாழ்வை முறிக்க வேண்டுமென்றால் கணவனோ மனைவியோ குற்றவாளி என்று நிரூபித்தாக வேண்டும். 'கொடுமை' என்ற குற்றச்சாட்டுதான் பெரும்பாலான மனுக்களில் இருக்கும். ஒருவர் மேல் ஒருவர் சேறு பூசத் தொடங்குவதற்கு முன் சற்று மூச்சு விட இடம் கொடுத்ததே இச்சட்டத்தின் பெரிய காரியம். ஓரிரு அமர்வுகளில் முடியும் இன்றைய கவுன்சலிங்கை உளவியலின் கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் குறுகிய கால அளவுக்கு இந்த 30 நாள் கெடுவும் ஒரு காரணம் என்பேன். ஆலோசகருக்குக் கிடைத்த நேரமே அவ்வளவுதான்.

1950களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸில் நீதிபதி லூயிஸ் பர்க் இந்த நீதிமன்றத்துக்குப் புத்துயிர் கொடுத்தார். பயிற்சி பெற்ற ஆலோசகர்களை அமர்த்தினார். அவர் காலத்தின் அடையாளம் 'கணவன் மனைவி ஒப்பந்தம்' என்ற நீண்ட ஆவணம். வீட்டுச் செலவு, மாமனார் மாமியார், வீட்டு வேலை, தாம்பத்தியம் என எல்லாவற்றுக்கும் அதில் விதி உண்டு. இருவரும் கையெழுத்திட்டதும் அது நீதிமன்ற உத்தரவாகிவிடும். மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. முகம் கொடுத்துப் பேசு என்று ஒரு நீதிபதி உத்தரவிடுவதை இன்று படித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் அதில் ஒரு கூர்மை இருந்தது. பொத்தாம்பொதுவாக 'அன்பாயிருங்கள்' என்று சொல்லி அனுப்பாமல், யார் எதை எப்போது செய்வது என்று எழுத வைத்தார்கள். பிற்காலத்தில் பிரிந்த பெற்றோர் எழுதிக்கொண்ட, பிள்ளை எந்த நாள் யாரிடம், பள்ளிச் செலவு யாருடையது என்ற திட்டங்களில் இதே வேலைமுறையைக் காணலாம். ஆலோசனைப் பிரிவை நடத்திய மேயர் எல்கின் போன்றோர் இந்த அனுபவத்தை மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோக, 1963இல் சமரச நீதிமன்றங்களுக்கென ஒரு சங்கமும் பிறந்தது.

பிறகு அடித்தளமே நகர்ந்தது. ஆளுநர் ரீகன் 1969இல் கையெழுத்திட்ட குடும்பச் சட்டம் 1970 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்ததும், குற்றம் நிரூபிக்கும் தேவை ஒழிந்தது. பிரிவது எளிதானபின் சமரச நீதிமன்றம் எதற்கு என்று கேட்டிருக்கலாம். ஆனால் வழக்காட இன்னும் மிஞ்சியிருந்தது பிள்ளைகள் விஷயம். 1981 முதல், பிள்ளைகள் யார் பொறுப்பில் என்ற தகராறு இருந்தால் விசாரணைக்கு முன் பெற்றோர் இருவரும் மத்தியஸ்தரிடம் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. இதைத் தோல்வியின் வரலாறாகவும் சொல்வார்கள்: கல்யாணத்தைக் காப்பாற்ற வந்தவர்கள் கடைசியில் பிரிவினைப் பத்திரம் எழுதினார்கள் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சேர்ந்து வாழ மனமில்லாதவரை ஐந்தாறு மணி நேரப் பேச்சு சேர்த்துவைக்காது. ஆனால் பிள்ளை விஷயத்தில் பேச்சு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள அந்த நேரம் போதும் என்பதற்குச் சான்று உண்டு. வர்ஜீனியாவில் உளவியலாளர் ராபர்ட் எமரி, பிள்ளைப் பொறுப்பு கேட்டு வந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை மத்தியஸ்தத்துக்கும் சிலரை வழக்குக்கும் அனுப்பினார். மத்தியஸ்தம் சராசரியாக ஐந்து மணி நேரம். பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, பிள்ளையோடு வசிக்காத பெற்றோரில் வாரம் ஒருமுறையேனும் பிள்ளையைப் பார்த்தவர்கள் மத்தியஸ்தத்துக்குப் போனவர்களில் 28 சதவீதம், வழக்காடியவர்களில் 9 சதவீதம். குடும்பங்கள் 71தான், ஊரும் ஒன்றுதான். இதை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. ஆனாலும் குலுக்கல் முறை என்பதால், இயல்பிலேயே இணக்கமானவர்கள்தான் பேச்சுக்கு வந்தார்கள் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

வலுவான மறுப்பு வேறு திசையிலிருந்து வந்தது. கட்டாயப்படுத்தி ஒரே அறையில் உட்கார வைத்தால் அடி வாங்கிய பெண் என்ன பேசுவாள்? சட்டப் பேராசிரியர் டிரினா கிரில்லோ 1991இல் யேல் சட்ட இதழில், கட்டாய மத்தியஸ்தம் பெண்களின் கோபத்தை அடக்கி, நடந்த கொடுமையைப் பேச்சிலிருந்தே விலக்கிவிடுகிறது என்று வாதாடினார். இதற்குக் கலிஃபோர்னியச் சட்டத்திலேயே பதில் தேட வேண்டியிருந்தது: குடும்ப வன்முறை இருந்ததாகச் சொல்பவர் கேட்டால் இருவரையும் தனித்தனி நேரத்தில்தான் சந்திக்க வேண்டும். இது பாதிப் பதில். மறுபாதி ரகசியத்தைப் பொறுத்தது. சில மாவட்டங்களில் ஆலோசகரே நீதிபதிக்குப் பரிந்துரை எழுதும் வழக்கம் புகுந்தது. அப்படி எழுதுபவரைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று 1983இல் மெக்லாக்லின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நியாயமானதுதான், ஆனால் பரிந்துரைப்பவர்தான் நாளை சாட்சிக் கூண்டிலும் நிற்பார் என்று தெரிந்தபின் யாரும் அவரிடம் மனம் திறப்பதில்லை. 1939இன் சட்டத்தில் எனக்கு இன்றும் பழசாகத் தோன்றாத பகுதி அந்த ரகசியம்தான். அதைக் கைவிட்ட மாவட்டங்கள் ஒப்பந்தங்களை வேகமாகப் பெற்றிருக்கலாம், ஆனால் அவற்றில் எத்தனை பயத்தில் போட்ட கையெழுத்து என்பதைக் கோப்பைப் புரட்டிக் கண்டுபிடிக்க வழியில்லை.